பிஃபஞ்ஜ் மொழியைப் படிப்பது எப்படி, அதில் ‘தமிழ்’ என்று எழுதுவது எப்படி

பெங்களூரில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு தமிழ் மாணவி கேட்ட கேள்வி இது. பிஃபஞ்ஜ் என்ற கணினி மொழியில் எழுதிய ஒரு நிரலை எங்கோ பார்த்திருக்கிறார். “ஒரே அம்பும் புள்ளியும் நட்சத்திரமுமா இருக்கு அண்ணா. எங்கே தொடங்கி எங்கே முடியுதுன்னே தெரியல. இதை எப்படிப் படிக்கிறது? இதுக்கு நேரம் செலவழிச்சா எனக்கு ஏதாவது கிடைக்குமா? இதுல தமிழ்ல எழுத முடியுமா?”

கம்பைலர், அதாவது நாம் எழுதும் நிரலை இயந்திரம் ஓட்டும் குறிமுறையாக முன்கூட்டியே மொழிபெயர்க்கும் மென்பொருள், அந்த வேலையிலேயே பல வருடம் கழித்தவன் நான். முதல் இரண்டு கேள்விகளையும் பலர் கேட்டிருக்கிறார்கள். மூன்றாவதை யாரும் கேட்டதில்லை. அதற்கு விடை தேடி ஒரு சனிக்கிழமை முழுக்க பெங்களூர் அல்சூர் வீட்டில் கட்டம் போட்ட நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். அழகான ஒரு விடை கிடைத்தது. அதற்குப் போக முதலில் அடிப்படை வேண்டும்.

பிஃபஞ்ஜ் 1993-ல் கிரிஸ் பிரெஸ்ஸி என்பவர் உருவாக்கிய மொழி. ‘பிஃபோர்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டும்போது விரல் தவறி விழுந்த எழுத்துகளே பெயராக நின்றுவிட்டன. முடிந்தவரை கம்பைல் செய்யக் கடினமான மொழியாக இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய நோக்கம். வேலைக்கு உதவுவதற்காக இல்லாமல், மொழி என்றால் என்ன என்று சோதித்துப் பார்ப்பதற்காகவே உருவாகும் இந்த வகை மொழிகள் அதற்கும் முன்பே உண்டு. 1972-ல் வந்த இண்டர்கால் அவற்றுள் மூத்தது. எட்டே எட்டுக் குறிகளை வைத்து எல்லாவற்றையும் எழுதும் மொழி ஒன்றும் இதே 1993-ல்தான் வந்தது. ஆனால் அவற்றில் எல்லாம் நிரல் ஒரு நூல் மாதிரி, ஒரு முனையில் தொடங்கி மறு முனைக்குப் போகும். பிஃபஞ்ஜில் நிரல் ஒரு தரை.

தரையின் அளவு பக்கவாட்டில் 80 பத்தி, மேலிருந்து கீழாக 25 வரி. ஆக 2,000 அறைகள். அந்தக் காலத்துக் கணினித் திரையில் எழுத்துகள் நின்ற அளவும் அதுதான். ஓர் அறைக்கு ஒரு குறி. இந்தத் தரைமேல் ஒரு சுட்டி நடக்கிறது. மேல் இடது மூலையில் தொடங்கி வலப்பக்கமாகப் போகும். எந்த அறையில் கால் வைக்கிறதோ அந்தக் குறி சொன்னதைச் செய்யும். ‘<’ கண்டால் இடப்பக்கம் திரும்பும், ‘^’ கண்டால் மேலே போகும், ‘>’ கண்டால் வலம். கீழே திருப்ப ஆங்கிலச் சின்ன ‘வி’ எழுத்து, பார்க்கவும் அது கீழ் அம்பு மாதிரியே இருக்கும். ‘?’ கண்டால் நான்கு திசைகளில் ஏதோ ஒன்று, குலுக்கல் முறையில். ‘@’ வந்தால் நின்றுவிடும்.

விளிம்பைத் தாண்டினால்? எதிர் விளிம்பில் வந்து நிற்கும். வலது ஓரத்தில் வெளியே போனால் இடது ஓரத்தில் உள்ளே வரும். மேலும் கீழும் அப்படியே. ஒரு தாளின் இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் ஒட்டினால் குழாய் கிடைக்கும், அந்தக் குழாயின் இரண்டு வாயையும் ஒட்டினால் மெதுவடை. பிஃபஞ்ஜ் நிரல் மெதுவடையின் மேற்பரப்பில் எழுதப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது பின்னால் நமக்கு உதவப்போகிறது.

மதிப்புகளை வைக்க ஒரு ஸ்டாக். மெஸ்ஸில் அடுக்கி வைத்திருக்கும் எவர்சில்வர் தட்டு மாதிரி, கடைசியாக வைத்ததைத்தான் முதலில் எடுக்க முடியும். எண் குறியைக் கண்டால் சுட்டி அந்த எண்ணை ஸ்டாக்கில் வைக்கும். ‘+’, ‘*’ போன்றவை மேலே இருக்கும் இரண்டை எடுத்துக் கணக்குப் போட்டு விடையைத் திரும்ப வைக்கும். ‘.’ மேலே இருப்பதை எண்ணாக அச்சிடும், ‘,’ எழுத்தாக அச்சிடும். உதாரணத்துக்கு,

25*3+.@

இதை இருபத்தைந்து என்று படித்துவிடக் கூடாது. 2 வை, 5 வை, பெருக்கு, 3 வை, கூட்டு, அச்சிடு, நில். 13 வரும். ஒவ்வோர் அறையிலும் ஓர் இலக்கம்தான் என்பதால் 9-க்கு மேற்பட்ட எண் எதையும் நேராக எழுத முடியாது, கட்டித்தான் எடுக்க வேண்டும். 100 வேண்டுமென்றால் 25*:* போதும். ‘:’ என்பது மேலே இருப்பதற்கு ஒரு நகல் வைப்பது. பத்துக்குப் பத்து, நூறு. பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? என்ன விடை வேண்டும் என்று உங்களிடமே கேட்க வேண்டும் என்று 1993 விதி சொல்கிறது.

இதுவரை எளிது. இந்த மொழி எனக்கு ஏன் பிடிக்கும் என்பது இனிமேல்தான் வருகிறது. கீழே ஆறு குறிகள்.

>:#,_@

ஸ்டாக்கில் இருக்கும் எழுத்துகளை எல்லாம் அச்சிட்டு முடித்துவிட்டு நிற்கும் நிரல் இது. பிஃபஞ்ஜ் எழுதும் எல்லோருடைய கையிலும் இது இருக்கும். இரண்டு குறிகளை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ‘#’ அடுத்த அறையைத் தாண்டிக் குதிக்கும். ‘_’ ஸ்டாக்கில் மேலே இருப்பதை எடுத்துப் பார்க்கும். பூஜ்யமானால் வலப்பக்கம், இல்லையென்றால் இடப்பக்கம்.

நடந்து பார்ப்போம். ‘>’ வலம் போகச் சொல்கிறது. ‘:’ மேல் எழுத்துக்கு நகல் எடுக்கிறது. ‘#’ கமாவைத் தாண்டிவிடுகிறது. ‘_’ நகலை எடுத்துப் பார்க்கிறது. எழுத்து இருக்கிறது, பூஜ்யம் இல்லை, ஆகவே இடப்பக்கம் திரும்பு. இப்போது சுட்டி வந்த வழியே திரும்பி வருகிறது. போகும்போது தாண்டிய கமாவில் இப்போது கால் படுகிறது, எழுத்து அச்சாகிறது. அடுத்து அதே ‘#’. ஆனால் இப்போது இடப்பக்கமாகப் போவதால் அது தாண்டிக் குதிப்பது ‘:’-ஐ. பிறகு ‘>’, மறுபடி வலம். ஸ்டாக் காலியானதும் எடுப்பதெல்லாம் பூஜ்யம் என்பது விதி. ஆகவே கடைசியில் ‘_’ பூஜ்யத்தைப் பார்த்து வலப்பக்கம் விடுகிறது, அங்கே ‘@’ காத்திருக்கிறது.

ஒரே ஒரு ‘#’ போகும்போது ஒன்றையும் வரும்போது இன்னொன்றையும் தாண்டுகிறது. வேறு எந்த மொழியிலும் இந்தச் சிக்கனத்தை நான் பார்த்ததில்லை. ஒரு கட்டளையின் பொருள் அது எங்கே இருக்கிறது என்பதில் மட்டும் இல்லை, எந்தப் பக்கமிருந்து அதற்கு வருகிறோம் என்பதிலும் இருக்கிறது. சிக்குக் கோலத்தில் ஒரு புள்ளியைச் சுற்றிப் போன கம்பி, திரும்பி வரும்போது அதே புள்ளியின் மறுபக்கத்தைத் தொட்டு வளைவை முடிக்குமே, அதுதான் எனக்கு நினைவுக்கு வரும்.

கோலத்தைச் சும்மா உவமைக்கு இழுக்கவில்லை. வரிசையாக வரும் எழுத்துகளுக்கு மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1950-களில் வடிவ இலக்கணம் வகுத்தார். எழுத்து வரிசையாக இல்லாமல் கட்டமாகப் பரவி நின்றால் இலக்கணம் எப்படி இருக்கும் என்ற கேள்வியை 1970-களில் எடுத்துக்கொண்டவர்களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் முக்கியமானவர்கள். கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து அவர்கள் 1974-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, வாசலில் போடும் கோலங்களையே கட்ட இலக்கணத்துக்கு உதாரணமாக எடுத்துக்கொண்டது. பிஃபஞ்ஜ் வருவதற்குக் கிட்டத்தட்ட இருபது வருடம் முன்பு, தாம்பரத்தில் நடந்த வேலை. பிரெஸ்ஸி இதைப் பார்த்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை, இரண்டுக்கும் தொடர்பு கிடையாது. ஆனால் இரண்டு பரிமாணத்தில் மொழி என்ற எண்ணம் நமக்கு அந்நியமானது இல்லை என்பதைத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரு கணினி மாணவி தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சரி, கம்பைலருக்கு வருவோம். இந்த மொழியை ஏன் கம்பைல் செய்வது கடினம்? நான்கு திசையிலும் நடப்பதால் என்று பலர் சொல்வார்கள். அது முழு விடை இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2,000 அறை, நான்கு திசை, மேற்கோள் குறிக்கு உள்ளே இருக்கிறோமா (அங்கே குறிகள் கட்டளையாகாமல் எழுத்தாகவே ஸ்டாக்கில் ஏறும்) வெளியே இருக்கிறோமா என்ற இரண்டு நிலை. மொத்தம் 16,000. ஒவ்வொரு நிலையிலிருந்தும் அடுத்து எங்கே போகும் என்று ஒரு வரைபடம் போட்டுவிட்டால் முடிந்தது. இன்றைய கணினிக்கு 16,000 ஒரு பொருட்டே இல்லை.

உண்மையான சிக்கல் இரண்டு எழுத்துகளில் இருக்கிறது. ஆங்கிலச் சின்ன ‘ஜி’, சின்ன ‘பி’. இந்த ஊரில் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. இந்திராநகரில் ஒரு வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் எத்தனையாவது மெயின், எத்தனையாவது கிராஸ் என்று இரண்டு எண் சொன்னால் போதும். ‘ஜி’ அப்படி இரண்டு எண்ணை வாங்கிக்கொண்டு, அந்த முகவரியில் உள்ள அறைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்து வந்து ஸ்டாக்கில் வைக்கும். ‘பி’ ஒரு மதிப்பையும் ஒரு முகவரியையும் வாங்கிக்கொண்டு அந்த அறையில் போய் வைத்துவிடும். பிஃபஞ்ஜில் மாறி, அதாவது பெயரிட்டு மதிப்பை வைத்துக்கொள்ளும் இடம், என்று தனியாக எதுவும் கிடையாது. எதையாவது நினைவில் வைக்க வேண்டுமென்றால் தரையில் ஏதாவது ஓர் அறையில்தான் வைக்க வேண்டும். ஆனால் தரை என்பது நிரல் அல்லவா? ஆகவே நிரல் தன்னையே மாற்றி எழுதிக்கொள்ள முடியும். இதைப் பாருங்கள், ‘பி’ வர வேண்டிய இடத்தில் ‘ப’ என்று போட்டிருக்கிறேன்.

"*"80ப34+.@

மேற்கோளுக்குள் இருப்பது எழுத்தாகவே ஸ்டாக்கில் போகும், அதாவது கணினி ஒவ்வொரு குறிக்கும் வைத்திருக்கும் எண்ணாக, நட்சத்திரத்தின் எண் 42. பிறகு 8, பிறகு 0. எட்டாவது பத்தி, பூஜ்யமாவது வரி. பத்தியும் வரியும் பூஜ்யத்திலிருந்து எண்ணப்படும். விரல் வைத்து எண்ணுங்கள், எட்டாவது பத்தியில் இருப்பது ‘+’. அந்த இடத்தில் ‘*’ போய் உட்கார்ந்துவிடுகிறது. சுட்டி அங்கே போய்ச் சேரும்போது கூட்டல் இல்லை, பெருக்கல்தான் இருக்கிறது. கண்ணுக்கு 7 வர வேண்டிய மாதிரித் தெரியும் நிரல் 12 என்று அச்சிடும். கூட்டல் என்று நம்பி முன்கூட்டியே மொழிபெயர்த்து வைத்த கம்பைலர் இங்கே தவறிவிடும். அப்படியும் சமாளித்துக் கம்பைலர் எழுதியவர்கள் இருக்கிறார்கள். அறை மாறும்போதெல்லாம் அந்தப் பகுதிக்கு மட்டும் மறுபடி குறிமுறை உருவாக்குவார்கள்.

இதுதான் உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையும். பிஃபஞ்ஜ் தெரியும் என்பதற்காக இந்த ஊரில் எந்த நிறுவனமும் வேலை தராது. அதை நம்பிப் படிக்காதீர்கள். ஆனால் உங்கள் பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரம், நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே இயந்திரக் குறிமுறையை உருவாக்கி நினைவகத்தில் எழுதி ஓட்டுகிறது. எழுதுவதற்கு அனுமதி உள்ள நினைவகப் பக்கத்தை ஓட விடக் கூடாது, ஓடும் பக்கத்தில் எழுத விடக் கூடாது என்ற பாதுகாப்பு விதியோடு மல்லுக்கட்டித்தான் அதைச் செய்கிறது. குறிமுறையும் தரவும் ஒரே நினைவகத்தில் ஒரே மாதிரி எண்களாகக் கிடக்கின்றன என்று வகுப்பில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நான் அதை மனப்பாடமாக எழுதித் தேர்வில் மதிப்பெண் வாங்கினேன். எனக்கு அது புரிந்தது மேலே உள்ள பதினோரு அறைகளைத் தாளில் எழுதி, ஒரு ரூபாய் நாணயத்தைச் சுட்டியாக நகர்த்தி, எட்டாவது அறையில் ரப்பரால் ‘+’-ஐ அழித்து ‘*’ போட்ட அன்றுதான். திரையில் ஓடவிட்டுப் பார்த்து அதற்கு முன்பு பல வாரங்களை வீணாக்கியிருந்தேன். நீங்களும் தாளில் தொடங்குங்கள். கணக்கு நோட்டு, பென்சில், ஒரு நாணயம் போதும்.

1998-ல் இந்த மொழியின் விரிவாக்கமாக ஃபஞ்ஜ்-98 வந்தது. 80-க்கு 25 என்ற எல்லை போய்விட்டது, ஒரு பரிமாணம், மூன்று பரிமாணம் என்றும் எழுதலாம், ஒரே தரையில் பல சுட்டிகளையும் ஓடவிடலாம். கோட்பாட்டுப் பாடத்தில் டூரிங் முழுமை என்று படித்திருப்பீர்கள், கணினியால் முடிகிற எந்தக் கணக்கையும் அந்த மொழியில் எழுத முடிவது. 2,000 அறைக்குள் அடைபட்ட 1993 வடிவத்துக்கு அது கிடையாது, எல்லை இல்லாத இதற்கு உண்டு. ஆனால் படிப்பதற்கு 1993 வடிவமே போதும் என்பது என் கருத்து. கட்டளைகள் நாற்பதைத் தாண்டாது, ஒரு மாலையில் மனதில் நின்றுவிடும்.

அப்புறம் தமிழ்.

எழுத்துச் சரத்தை மேற்கோள் குறிக்குள் போட்டால் ஒவ்வோர் அறையாக ஸ்டாக்கில் ஏறும், கடைசி எழுத்து மேலே நிற்கும், ஆகவே அச்சாகும்போது தலைகீழாக வரும். அதனால் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் சொல்லையே தலைகீழாக எழுதி வைப்பார்கள். தமிழில் அதைச் செய்ய முடியுமா? ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு முறைக்கு அது ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. அவற்றைக் கோப்பில் யூடிஎஃப்-8 என்ற முறையில் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், மொத்தம் 15.

இதை ஐந்தாகத் தலைகீழாக்கினால் முதலில் வருவது தாங்குவதற்கு எழுத்தே இல்லாத புள்ளி. அடுத்து ழ, அதன் பின் இகரக் குறி. அது ம-வை விட்டுவிட்டு ழ-வின்மேல் ஏறி ‘ழி’ ஆகிவிடும். நிரலைப் படிக்கிற யாருக்கும் அது தமிழ் என்றே தெரியாது. இதுவாவது யூனிகோடு எழுத்தை ஓர் அறையாக எடுக்கும் இண்டர்பிரட்டரில் (நிரலை மொழிபெயர்த்து வைக்காமல் படித்தபடியே ஓட்டும் மென்பொருள்) ஓடும். ஒரு பைட்டை ஓர் அறையாக எடுக்கும் பழைய வகையில், ஒவ்வோர் எழுத்தின் மூன்று பைட்டும் தலைகீழாகி வெறும் குப்பை அச்சாகும். பதினைந்து பைட்டையும் தலைகீழாக்கி வைத்தால் வெளியீடு சரியாக வரும், ஆனால் அந்தக் கோப்பை எந்த எடிட்டரும் தமிழாகத் திறக்காது.

சொல்லைத் திருப்ப முடியாதென்றால் சுட்டியைத் திருப்பலாமே என்று தோன்றியது. இந்த மொழியில் அதற்குத் தடை இல்லை. சொல் இயல்பாக நிற்கட்டும், சுட்டி வலமிருந்து இடமாக அதன்மேல் நடக்கட்டும். அப்போது புள்ளி முதலில் ஏறும், த கடைசியில் ஏறி மேலே நிற்கும். அச்சாகும்போது த முதலில் வரும்.

<>:#,_@#:"தமிழ்"

இதை நாணயம் வைத்து நடத்துங்கள். முதல் அறையிலேயே ‘<’. சுட்டி இடப்பக்கம் திரும்பி விளிம்புக்கு வெளியே போய், மெதுவடையைச் சுற்றிக்கொண்டு வலது ஓரத்தில் வருகிறது. வெற்று அறைகளைக் கடந்து மூடும் மேற்கோளில் நுழைகிறது. சொல் முழுவதும் பின்னிருந்து முன்னாக ஸ்டாக்கில் ஏறுகிறது. திறக்கும் மேற்கோளில் வெளியே வந்ததும் ‘:’ த-வுக்கு ஒரு நகல் வைக்கிறது. அடுத்த ‘#’ ஏன் அங்கே இருக்கிறது? இல்லையென்றால் ‘@’-இல் கால் பட்டு எதையும் அச்சிடாமலே நின்றுவிடும். அதைத் தாண்டியதும் ‘_’ நகலைப் பார்த்து இடப்பக்கமே விடுகிறது, கமா த-வை அச்சிடுகிறது. அங்கிருந்து நாம் முன்பே நடந்த அந்த ஆறு குறிகள்தான், வேறெதுவும் இல்லை. முதல் சுற்றில் மட்டும் சுட்டி பின்வாசல் வழியாக உள்ளே வருகிறது, அவ்வளவே. கடைசியில் பூஜ்யம் வந்ததும் வலப்பக்கம் விட்டு, வரும்போது தாண்டிய அதே ‘@’-இல் நிற்கிறது.

ஒரு பைட்டின் எட்டு பிட்டையும் விடாமல் அறையில் வைத்துக்கொள்ளும் இண்டர்பிரட்டர் எதிலும் இது ஓடும். பைட்டாக எண்ணினால் 26 அறை, யூனிகோடாக எண்ணினால் 16. இரண்டிலும் வெளியீடு ஒன்றேதான். சொல்லை மாற்றி உங்கள் பெயரையும் போடலாம். பைட்டுக்கு ஓர் அறை என்றால் ஒரு வரியில் அதிகம் போனால் இருபத்து மூன்று யூனிகோடு எழுத்துகள் அடங்கும், அதற்குமேல் 80 பத்தி இடம் கொடுக்காது.

இண்டர்பிரட்டரை நீங்களே எழுதுங்கள். இருநூறு, முந்நூறு வரிகளில் முடியும் வேலை இது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். சுற்றி வருவதற்கு மீதி காணும் குறியைப் பயன்படுத்துவீர்கள். பைத்தானில் -1-ஐ 80-ஆல் வகுத்த மீதி 79, நமக்கு வேண்டியதும் அதுதான். சி மொழியிலும் ஜாவாவிலும் அது -1 என்றே வரும், சுட்டி தரைக்கு வெளியே போய்விடும். முதலில் 80-ஐக் கூட்டிவிட்டுப் பிறகு மீதி காணுங்கள். பெரும்பாலான சோதனை நிரல்கள் வலப்பக்கமாகவே நடப்பதால் இந்தப் பிழை பல நாள் மறைந்தே இருக்கும். மேலே உள்ள தமிழ் வரி இடது விளிம்பைத் தன் முதல் அடியிலேயே தாண்டுகிறது. ஆகவே எழுதி முடித்ததும் முதல் சோதனையாக அதையே ஓட்டிப் பாருங்கள்.